என் சதை எந்த முனையில்?

முசரவாக்கம்
3 ஜூன் 2024

டாக்டர் பூவராகவன் சார் அவர்களுக்கு,

என் பெயர் லில்லி. வயது நாற்பத்தேழு. உங்களுக்கு என்னைத் தெரியாது. ஆனால் என் இரைப்பையிலிருந்து ஊசியால் எடுத்த சதையை நன்றாகத் தெரியும். போன டிசம்பரில் அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டவர் நீங்கள்தான். எண் 3316.

உங்கள் லேபுக்கு இரண்டு தடவை வந்துவிட்டேன். கவுண்டரில் இருக்கும் அபிநயா இரண்டு தடவையும் ஒரே பாட்டைத்தான் பாடினாள். "டாக்டர் பேஷன்ட் யாரையும் பாக்க மாட்டாரும்மா. ரிப்போர்ட்ல எல்லாம் போட்டுருக்குது, உங்க டாக்டரைப் போய்க் கேளுங்க." என் டாக்டரைக் கேட்டால் அவர் ரிப்போர்ட்டைக் காட்டுகிறார். போன் செய்தாலும் அதே அபிநயாதான் எடுக்கிறாள். அதனால்தான் கடிதம். கடிதத்தைப் பார்க்க மாட்டேன் என்று யாரும் சொல்லவில்லையே.

என் வயிற்றில் இருப்பது ஒரே ஒரு கட்டி. உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே, ஆறு சென்டிமீட்டர். அதற்கு இதுவரை மூன்று பெயர் வைத்துவிட்டார்கள். குழாய் விட்டுப் பார்த்தவர் தசைக் கட்டி, பயப்படாதே என்றார். ஸ்கேன் எடுத்தவர் கேள்விக்குறி போட்டு வேறு ஏதோ எழுதினார். நீங்கள் ஜிஸ்ட் என்று எழுதினீர்கள். அது ஒரு வகைக் கேன்சர் என்று சென்னை டாக்டர் சொன்னார். ஜனவரியிலிருந்து தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். கட்டி சுருங்க வேண்டும் என்பது கணக்கு. போன மாதம் ஸ்கேன் எடுத்தால் ஒரு இழைகூடச் சுருங்கவில்லை. என் கண்தான் இரண்டு பக்கமும் வீங்கிச் சுருங்கிவிட்டது.

இப்போது ஜூலை 8 அன்று முழு இரைப்பையையும் எடுத்துவிடலாம் என்கிறார்கள். எடுத்தால் எடுக்கட்டும். ஆனால் எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரியாமல் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் என்ன பார்த்தீர்கள்? எதைப் பார்த்து அந்தப் பெயரை வைத்தீர்கள்? எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்பு, கொஞ்சம் புரியாவிட்டாலும் விட மாட்டேன்.

இப்படிக்கு,
லில்லி


சின்ன காஞ்சிபுரம்
6 ஜூன் 2024

திருமதி லில்லி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. நோயாளிகளுடன் நேரடித் தொடர்பு வைத்துக்கொள்வது எங்கள் துறையில் வழக்கமில்லை. எங்கள் பேச்சு மருத்துவர்களுடன்தான். அபிநயா சொன்னது என் உத்தரவுப்படியே. அவரைக் குறை சொல்ல வேண்டாம்.

இருந்தாலும், முப்பத்தொரு வருடத்தில் "எதைப் பார்த்து எழுதினீர்கள்" என்று என்னை எந்த மருத்துவரும் கேட்டதில்லை. அதனால் பதில் எழுதுகிறேன்.

சதையை மெழுகில் பதித்து, மயிரிழையை விட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவோம். அதை ஸ்லைடு என்போம். தங்கள் சதையில் நான் கண்டவை, தறியில் குறுக்கு இழை ஓட்டும் நாடா மாதிரியான செல்கள். இரண்டு முனையும் கூர்ந்து நடு பருத்தவை, கட்டுக் கட்டாகக் கிடந்தன. இரைப்பைச் சுவரில் இந்த உருவம் மூன்று குடும்பங்களுக்கு உண்டு. ஒன்று தசை. ஒன்று நரம்பைச் சுற்றியிருக்கும் உறை. மூன்றாவது, இரைப்பை எப்போது அசைய வேண்டும் என்று தாளம் போடும் செல்கள். அந்தத் தாளக்காரர்களிடமிருந்து வரும் கட்டிக்குத்தான் ஜிஸ்ட் என்று பெயர். மூன்றையும் கண்ணால் மட்டும் பார்த்து உறுதியாகப் பிரிக்க முடியாது. நான் உட்பட யாராலும் முடியாது.

ஆகவே தனிச் சாயங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. சிடி 117 என்ற சாயத்தில் தாளக்காரர்கள் மட்டும் பழுப்பாக மாறுவார்கள். தசையும் நரம்பும் மாறாது. தங்கள் சதை நல்ல அழுத்தமான பழுப்பு. சந்தேகத்துக்கு இடமே இல்லாத பழுப்பு. ஆகவே ஜிஸ்ட்.

மாத்திரைக்குச் சுருங்காத ஜிஸ்ட்டும் உண்டு. என் முடிவில் மாற்றமில்லை.

அன்புடன்,
பூவராகவன்


முசரவாக்கம்
9 ஜூன் 2024

டாக்டர் சார்,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். என் வீட்டுக்காரர் லோகேஸ்வரன் எலக்ட்ரீஷியன். அவருக்கும் படித்துக் காட்டினேன். "அட, வயித்துக்குள்ள தாளம் போடறதுக்குன்னு தனியா ஆளு இருக்குதா!" என்று சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஐந்து மாதமாக இந்த வீட்டில் என் வயிற்றைப் பற்றி அழுகை இல்லாமல் நடந்த முதல் பேச்சு அதுதான். அதற்கு முதலில் நன்றி.

இப்போது என் சந்தேகங்கள்.

நான் ஜரிகை சோதிக்கும் கவுண்டரில் வேலை பார்க்கிறேன், பதினாறு வருஷமாக. கொண்டுவரும் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று மெஷினில் வைத்துப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பேன். கண்ணுக்கு எல்லா ஜரிகையும் ஒரே மினுமினுப்புதான். நீங்கள் சொன்ன மூன்று குடும்பம் மாதிரி. காலையில் மெஷினைப் போட்டதும் நாங்கள் முதலில் வாடிக்கையாளர் ஜரிகையை வைக்க மாட்டோம். வெள்ளி எவ்வளவு என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு துண்டு எங்களிடம் இருக்கிறது. அதை வைத்து, மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றது. உங்கள் சாயத்துக்கும் அப்படித் தெரிந்த துண்டு உண்டா? உண்டு என்றால் அதை எங்கே வைக்கிறீர்கள்? அதுவும் இதுவும் கலந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள்? எங்கள் கவுண்டரில் ஒரு நாள் கலந்துபோய், ஒரு ஜவுளிக்கடைக்காரரின் மட்டமான ஜரிகைக்கு உயர்ந்த சீட்டு கொடுத்துவிட்டோம். அவர் இனிப்பு வாங்கி வந்து கொடுத்த பிறகுதான் எங்களுக்கே சந்தேகம் வந்தது.

இன்னொன்று. நரம்பு என்று எழுதியிருந்தீர்கள். வயிற்றுக்குள் நரம்புக் கட்டி வருமா? நரம்பு என்றால் கை, கால், முதுகு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எழுதுங்கள். எனக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்துகொள்ள ஆசை.

ஆபரேஷனுக்கு இன்னும் இருபத்தொன்பது நாள்.

லில்லி


சின்ன காஞ்சிபுரம்
12 ஜூன் 2024

அன்புள்ள லில்லி அவர்களுக்கு,

நரம்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைப் பற்றிப் பேச எனக்கும் ஆசை. யாரும் கேட்பதில்லை.

உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை, சுவருக்குள்ளேயே நரம்புகள் வலை பின்னியிருக்கின்றன. முதுகுத்தண்டில் உள்ள நரம்பு செல்களுக்கு ஈடான எண்ணிக்கை அங்கே உண்டு என்பார்கள். இவ்வளவு நரம்பு இருந்தும் அங்கே நரம்புக் கட்டி வருவது மிக அரிது. வந்தாலும் ஒரே மாதிரி வராது. நரம்பின் உறையில் மட்டும் பிறப்பது ஒன்று, ஷ்வானோமா. இரைப்பையில் வந்தால் பெரும்பாலும் சாது. வளரும், ஆனால் பரவாது. எடுத்துவிட்டால் கதை முடிந்தது. உறையும் நரம்பு செல்லும் கலந்து பெருங்குடலில் வருவது வேறு. உணவுக்குழாயில் ஒரு வகை வரும், செல்லுக்குள் மணல் மணலாக இருக்கும். அதைப் பார்த்து ஒரு காலத்தில் தசை என்றே நினைத்தார்கள். சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் இன்னொன்றில் மூன்று விதமான செல்கள் ஒரே கட்டிக்குள் குடித்தனம் நடத்தும். அதை நான் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். அன்று மதியம் வீட்டுக்குப் போகாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் திட்டு விழுந்தது.

சாயம் சரியாக வேலை செய்ததா என்று பார்க்கத் தெரிந்த துண்டு எங்களுக்கும் உண்டு. சிடி 117க்கு, ஜிஸ்ட் என்று உறுதியான பழைய நோயாளி ஒருவரின் சதை. தனியாக வைப்பதில்லை. நோயாளியின் சதை ஒட்டிய அதே ஸ்லைடில், மறு முனையில் ஒட்டுவோம். ஸ்லைடின் ஒரு முனையில் பென்சிலால் எண் எழுதும் சொரசொரப்பான இடம் இருக்கும். எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது நோயாளியின் சதை. தூர முனையில் இருப்பது தெரிந்த துண்டு. எங்கள் டெக்னீஷியன் கலைவாணன் பத்தொன்பது வருடமாக இப்படித்தான் ஒட்டுகிறார். கலந்துபோக வழியில்லை.

வழியில்லை என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். தங்கள் சதை வந்தது டிசம்பர் முதல் வாரம். அது புயல் மழை வாரம். ஸ்லைடை எடுத்து இன்னொரு முறை பார்க்கிறேன். பார்ப்பதால் கெட்டுப்போவது ஒன்றுமில்லை.

பூவராகவன்


முசரவாக்கம்
20 ஜூன் 2024

டாக்டர் சார்,

எட்டு நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று அபிநயா என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "உங்க வீட்டம்மா சதை இருக்கற மெழுகுக் கட்டையை வெளி லேபுக்கு அனுப்பறோம், வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போங்க" என்றிருக்கிறாள். எதற்கு என்று கேட்டால், "எனக்குத் தெரியாதுண்ணா, டாக்டர் ரெண்டு நாளா யாரு கூடவும் பேசாம உக்காந்துக்கினு இருக்காரு" என்றாளாம்.

என் சதையை நீங்கள் எங்கே அனுப்புகிறீர்கள்? ஏன் பேசாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள்? கேட்ட கேள்விக்கெல்லாம் இரண்டு பக்கம் எழுதியவர் இப்போது மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? எனக்குப் பயமாக இருக்கிறது சார். முன்னே சொன்னதை விட மோசமான பெயர் ஏதாவது கண்டுபிடித்துவிட்டீர்களா? எதுவானாலும் சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆகாது. ராத்திரி தூக்கம் போய் ஒரு வாரம் ஆகிறது.

பதினெட்டு நாள்தான் இருக்கிறது.

லில்லி


சின்ன காஞ்சிபுரம்
22 ஜூன் 2024

அன்புள்ள லில்லி அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் லோகேஸ்வரன் இருந்தால் நல்லது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இருப்பது ஜிஸ்ட் அல்ல. அது நரம்பு உறைக் கட்டி. பெரும்பாலும் சாது. மாத்திரை தேவையில்லை. முழு இரைப்பையை எடுக்க வேண்டிய அவசியமும் அநேகமாக இல்லை. நேற்று மாலையே உங்கள் சென்னை டாக்டரிடம் போனில் பேசிவிட்டேன். ஜூலை 8 ஆபரேஷனை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் உங்களைக் கூப்பிடுவார்.

இனி என் தவறு.

டிசம்பர் மழையில் கலைவாணனின் மாமியார் வீட்டுக்குள், தாம்பரம் பக்கம், தண்ணீர் புகுந்தது. அவர் ஒரு வாரம் வரவில்லை. பதிலாக வேறொரு லேபிலிருந்து ஒருவர் வந்து வேலை செய்தார். நல்ல வேலைக்காரர். ஆனால் அவருடைய லேபில் வழக்கம் நேர்மாறு. தெரிந்த துண்டை எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டுவார்கள், நோயாளியின் சதையைத் தூர முனையில். அவர் அவருடைய கைப்பழக்கப்படி ஒட்டினார். நான் என் கண்பழக்கப்படி எண்ணுக்குப் பக்கத்தில் இருந்ததைப் படித்தேன். ஒட்டியிருந்த இரண்டு துண்டுகளும் அரிசி முனை அளவுதான். இரண்டிலும் அதே நாடா செல்கள். அளவிலும் உருவிலும் வித்தியாசம் தெரியாது.

அழுத்தமான பழுப்பு என்று உங்களுக்கு எழுதினேனே, அது வேறொருவரின் கட்டி. 2019இல் ஆபரேஷன் ஆன ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருடையது. ஐந்து மாதமாக நீங்கள் அவருடைய கட்டிக்கு மாத்திரை சாப்பிட்டிருக்கிறீர்கள்.

உங்கள் சதை தூர முனையில் துளியும் நிறம் மாறாமல் கிடந்தது. அதை நான் அன்று பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால், தெரிந்த துண்டு சாயம் ஏற்கவில்லை, ஏதோ பிழை என்று அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஒவ்வொரு முறையும் இரண்டு முனையையும் பார்க்க வேண்டும் என்பது விதி. மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த விதி. ஜிஸ்ட்தானா என்று உறுதிப்படுத்த இரண்டாவது சாயமும் போட்டிருக்க வேண்டும். முதல் பழுப்பே அவ்வளவு அழுத்தமாக இருக்கிறதே, சதையும் கொஞ்சம்தானே என்று விட்டுவிட்டேன்.

பதின்மூன்றாம் தேதி ஸ்லைடைக் கையில் எடுத்ததும் புரிந்துவிட்டது. ஆனால் இரண்டாவது தடவையும் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று பயந்தேன். நரம்புக்கு உரிய எஸ் நூறு என்ற சாயத்தைக் கலைவாணனை வைத்து இங்கே போட்டேன். முழுக்கப் பழுப்பு. இந்த முறை இரண்டு முனையையும் பார்த்தேன், கலைவாணனையும் பார்க்க வைத்தேன். பிறகுதான் கட்டையை வெளி லேபுக்கு ஆள் மூலம் அனுப்பினேன். அவர்கள் எல்லாச் சாயமும் போட்டு நேற்று சொன்னதும் அதுவே. எட்டு நாள் உங்களைப் பயத்தில் வைத்ததும் என் தவறுதான்.

அந்த வாரத்தில் சாயம் போட்ட மற்ற ஒன்பது ஸ்லைடுகளையும் எடுத்துப் பார்த்துவிட்டேன். அவற்றிலும் முனை மாறித்தான் இருந்தது, ஆனால் இரண்டு முனையும் ஒரே மாதிரி சாயம் ஏற்றிருந்ததால் முடிவு மாறவில்லை. தப்பு நடந்தது உங்கள் ஒருவருக்குத்தான்.

திருத்திய ரிப்போர்ட் இதனுடன் இருக்கிறது. என் மேல் புகார் கொடுக்க விரும்பினால் மாவட்ட சுகாதாரப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கொடுக்கலாம். இந்தக் கடிதத்தையே ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மறுக்க மாட்டேன்.

பூவராகவன்


முசரவாக்கம்
25 ஜூன் 2024

டாக்டர் சார்,

கடிதத்தைப் படித்ததும் சிரித்தேன். அப்புறம் அழுதேன். அப்புறம் எனக்கு வந்த கோபத்தில் ரிப்போர்ட் கோப்பைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். லோகேஸ்வரன், "கேன்சர் இல்லன்னு எழுதிக்கிறாரு, அதுக்கு இன்னாத்துக்கு கத்தற" என்று கேட்டார். கேட்டுவிட்டு அவரே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். தண்ணீரைத் திறந்துவிட்டால் சத்தம் கேட்காது என்று நினைப்பு.

ஐந்து மாதம் சார். மாத்திரையால் கண் வீங்கி, கவுண்டரில் ஜரிகையைப் பார்க்க முடியாமல் பாதி நாள் லீவு. வாயில் எதை வைத்தாலும் குமட்டல். அதெல்லாம் போகட்டும். என் மகள் ஜோதிகா கோயம்புத்தூரில் எம்.எஸ்சி. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கேன்சர் என்றதும் பாதியில் விட்டுவிட்டு வந்து ஒரகடத்தில் கம்பெனிக்குப் போகிறாள். நான் போகச் சொல்லி அடிக்காத குறை. "நீ செத்துட்டா டிகிரியை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்று கேட்டாள். அந்த வருஷத்தை எந்தக் கண்ணாடியில் ஒட்டி எனக்குத் திருப்பிக் காட்டுவீர்கள்?

மன்னிப்பு என்ற வார்த்தையை நீங்கள் எழுதவில்லை. அதைக் கவனித்தேன். நல்லவேளை எழுதவில்லை. எழுதியிருந்தால் நானும் பதிலுக்குப் பரவாயில்லை என்று எழுத வேண்டியிருக்கும். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் கேள்வி மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. அந்தக் கண்டக்டர் உயிரோடு இருக்கிறாரா? அவருக்காவது மாத்திரை வேலை செய்ததா? பெரும்பாலும் சாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெரும்பாலும் எவ்வளவு? மிச்சம் என்ன? ஜிஸ்ட் என்று எழுதியபோது இந்த வார்த்தையே இல்லை. தப்பாக எழுதியபோது சந்தேகமே இல்லாமல் எழுதினீர்கள், சரியாக எழுதும்போது சந்தேகத்தோடு எழுதுகிறீர்கள்.

எனக்கு அதைப் பார்க்க வேண்டும். உங்கள் பூதக்கண்ணாடியில், என் சதையை, இரண்டு முனையும். ஜூலை 3 புதன்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அபிநயாவிடம் சொல்லி வையுங்கள்.

லில்லி


சின்ன காஞ்சிபுரம்
28 ஜூன் 2024

அன்புள்ள லில்லி அவர்களுக்கு,

வாருங்கள். அபிநயாவிடம் சொல்லிவிட்டேன். ஒன்றை முன்பே சொல்லிவிடுவது நல்லது. எதிரில் ஆள் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. மருத்துவக் கல்லூரியில் இந்தத் துறையை எடுத்ததற்கே அதுதான் காரணம். நான் பேசாமல் இருந்தால் திமிர் என்று நினைக்க வேண்டாம். கேட்க வேண்டியதை எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஜோதிகாவைப் பற்றிய வரிகளைப் பலமுறை படித்தேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கண்டக்டர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஐந்து வருடமாக அவர் சதையைத் தினமும் பார்க்கிறேன், அவரைப் பற்றி விசாரித்ததே இல்லை. உங்கள் கடிதத்துக்குப் பிறகு அபிநயாவை விட்டு விசாரிக்கச் சொன்னேன். நன்றாக இருக்கிறாராம். மூன்று வருடம் மாத்திரை சாப்பிட்டு நிறுத்திவிட்டார்களாம். பேரனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து போனில் பேசினாராம். அபிநயா இதைச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

"பெரும்பாலும்" பற்றி. நீங்கள் சொன்னது சரி. நான் நிச்சயமாக எழுதிய இடத்தில்தான் தப்பு நடந்தது. இப்போது என்னிடம் இருப்பது அரிசி முனை அளவு சதை. அது நரம்பு உறை என்பதில் சந்தேகம் இல்லை, இரண்டு லேப் சொல்கிறது. ஆனால் ஆறு சென்டிமீட்டர் கட்டியின் மற்ற இடங்களில் என்ன இருக்கிறது என்று இந்த நுனி சொல்லாது. நரம்பு உறைக் கட்டிகளில் நூற்றில் ஓரிரண்டு கெட்டதாக இருக்கலாம். செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவா, நடுவில் அழுகல் உண்டா என்று முழுக் கட்டியையும் அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். இரைப்பையில் வரும் இந்த வகைக்கு ஓர் அடையாளமும் உண்டு. கட்டியைச் சுற்றி வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமாக ஒரு வளையம் கட்டியிருக்கும். உடம்பின் வேறு இடங்களில் இதே கட்டி வந்தால் பொதுவாக அந்த வளையம் இருக்காது. ஏன் இரைப்பையில் மட்டும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசை.

பூவராகவன்


முசரவாக்கம்
29 ஜூலை 2024

டாக்டர் சார்,

ஆபரேஷன் முடிந்து இன்றோடு இரண்டு வாரம். பதினைந்தாம் தேதி கட்டியோடு இரைப்பையின் ஒரு ஓரத்தை மட்டும் எடுத்தார்கள். மிச்சம் எல்லாம் என்னிடமே இருக்கிறது. நேற்று அரை இட்லி சாப்பிட்டேன், உள்ளே தங்கியது. உங்களுடைய தாளக்காரர்கள் வேலையை மறக்கவில்லை.

ஜூலை 3 அன்று நீங்கள் ஸ்டூலை இழுத்துப் போட்டீர்கள், ஸ்லைடை வைத்தீர்கள், விரலால் காட்டினீர்கள். அரை மணி நேரத்தில் மொத்தம் ஆறு வார்த்தை பேசியிருப்பீர்கள். கோபத்தோடு வந்த நான் பூதக்கண்ணாடியில் கண்ணை வைத்ததும் கோபத்தை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. ஒரு முனையில் அந்தக் கண்டக்டர், பழுப்பாக. இன்னொரு முனையில் நான், வெளிறிப்போய். நடுவில் ஒரு விரல்கடை வெறும் கண்ணாடி. இவ்வளவுதானா என்று இருந்தது.

இருபத்திரண்டாம் தேதி நீங்கள் ஆஸ்பத்திரிக்கே வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முழுக் கட்டி உங்கள் லேபுக்கே வர வேண்டும் என்று நான்தான் சென்னை டாக்டரிடம் சண்டை போட்டேன். அவர் விநோதமாகப் பார்த்தார். அன்று நீங்கள் கட்டில் பக்கத்தில் கை கட்டி நின்றீர்கள். ஜோதிகா பயந்துவிட்டாள். அப்புறம்தான், "வளையம் இருக்குதும்மா. சுத்தி, முழுசா" என்றீர்கள். நான் "அந்தப் பெரும்பாலும்?" என்று கேட்டேன். "அது இனிமே வேணாம்" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டீர்கள். நர்ஸ் அது யாரு என்று கேட்டார். என் டாக்டர் என்று சொன்னேன். ஜோதிகா என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே அழுதாள். போன வாரம் அவளுடைய காலேஜுக்குப் பேசினோம். திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம், ஆனால் முதல் வருஷத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இனி முக்கியமான விஷயம். இதனுடன் இருப்பது புகார். இணை இயக்குநருக்கு எழுதியிருக்கிறேன். நான்கு நாள் யோசித்தேன். லோகேஸ்வரன் வேண்டாம் என்கிறார். "அந்த மனுஷன் தானே ஒத்துக்கினாரு, தேடி வந்து சொன்னாரு, அவர் மேலயா எழுதற" என்று இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உங்களைத் தண்டிப்பதற்காக எழுதவில்லை சார். நீங்கள் இனிமேல் இரண்டு முனையும் பார்ப்பீர்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்துத் தெரு லேபில் யார் பார்ப்பார்கள்? ஒருவர் இந்த முனையில் ஒட்டுகிறார், ஒருவர் அந்த முனையில். ஆள் மாறினால் நோயாளி மாறிவிடுகிறார். எங்கள் ஜரிகைக்கே எல்லாக் கவுண்டரிலும் ஒரே முறை என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மனுஷனுக்கு வேண்டாமா? இந்த மாவட்டத்தில் எல்லா லேபிலும் தெரிந்த துண்டு ஒரே முனையில்தான் இருக்க வேண்டும், அதன் பக்கத்தில் அடையாளம் போட வேண்டும், இரண்டையும் பார்த்தேன் என்று ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். புகாரில் கேட்டிருப்பது இந்த மூன்றும்தான். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். உங்கள் பெயரை மறைக்கவில்லை. மறைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அனுப்புவதற்கு முன்னால் நீங்கள் படிக்க வேண்டும் என்று தோன்றியது. மருத்துவச் சொற்களில் தப்பு இருந்தால் திருத்துங்கள். நடந்ததில் கை வைக்காதீர்கள்.

லில்லி


சின்ன காஞ்சிபுரம்
1 ஆகஸ்ட் 2024

அன்புள்ள லில்லி,

புகாரைப் படித்தேன். இரண்டு திருத்தங்கள். எஸ் நூறு சாயம் போட்ட தேதி ஜூன் 14, நீங்கள் 15 என்று எழுதியிருந்தீர்கள். இரண்டாவது, "டாக்டர் கவனக்குறைவாக இருந்திருக்கலாம்" என்று மூன்றாவது பத்தியில் இருந்தது. "இருந்தார்" என்று மாற்றியிருக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை.

கலைவாணன் படித்துவிட்டு, பதிலுக்கு வந்தவர்மேலும் நாலு வரி எழுதலாமே என்றார். வேண்டாம் என்றேன். அவர் ஒட்டியது அவர் லேபில் சரியான முனை. இதை லேபை மூடும் அளவுக்குக் கொண்டுபோய்விடுவார்களோ என்று அபிநயா பயப்படுகிறார். எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. முப்பத்தொரு வருடம் போட்ட கையெழுத்துகளையெல்லாம் யாராவது கேள்வி கேட்பார்கள். கேட்கட்டும், அதற்குத்தான் கையெழுத்து.

கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயருக்கு வலது பக்கம் இன்னொரு பெயர் எழுதும் அளவுக்கு இடம் விட்டிருந்தீர்கள். அது எதற்கு என்று நீங்கள் சொல்லவில்லை. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பூவராகவன்